புதுக் குதிரையைத் தனியே கட்டு

மேலூர்
ஆவணி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. அந்தியூர்ச் சந்தையில் கத்தியவார் இனக் குதிரை பிடித்த சேதி படித்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வந்த அன்றே அதைப் பழைய குதிரைகளோடு கட்டியதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் மனதை உறுத்துகிறது. இன்றைக்கே பிரித்துக் கட்டு. மூன்று வாரமாவது தனியாக இருக்கட்டும்.

இங்கே ஒரு லாயத்தில் சந்தையிலிருந்து வந்த குதிரைக்கு முதலில் காய்ச்சல், அப்புறம் மூக்கில் சீழ், பிறகு தாடைக்குக் கீழே கட்டி. பார்த்த டாக்டர் ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொற்றுநோய் என்றார். கட்டி உடைந்து அது தேறிவிட்டது. அதற்குள் தண்ணீர்த் தொட்டி வழியாக மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பெரிதாகப் பட்டது டாக்டர் சொன்ன ஒரு விஷயம். காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பெரும்பாலும் மூக்குச் சளியில் கிருமி வெளிவரத் தொடங்குமாம். கட்டி தெரிகிறவரை காத்திருந்தால் காரியம் கெட்டது. அதனால் காலையும் மாலையும் எல்லாக் குதிரைக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அந்த நிமிடமே தனியே கொண்டுபோ. வாளி, கடிவாளம், தேய்க்கிற பிரஷ் எல்லாம் அதற்குத் தனி. உன் பையனிடமும் சொல்லிவை: நல்ல குதிரைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகுதான் புதுக் குதிரையிடம் போக வேண்டும், திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தேறிய குதிரையையும் உடனே நம்பாதே. தொண்டைக்கு மேலே காற்றுப்பை மாதிரி ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் சீழ் தங்கி மாதக்கணக்கில் கிருமியைப் பரப்பும். வெளியே பார்த்தால் குதிரை பளபளவென்று இருக்கும். அந்தப் பையைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

மூக்கொழுகலை நாமே பார்த்து இன்ன நோய் என்று முடிவு செய்யவும் கூடாது. கிளாண்டர்ஸ் என்கிற இன்னொரு குதிரை நோயிலும் மூக்கில் சீழ் வரும். அது மனிதனுக்கும் தொற்றும், தடுப்பூசியும் இல்லை. 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அதை மறைக்கக் கூடாது. ரத்தம் எடுத்து ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் உறுதி செய்வார்கள். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் குதிரை வண்டிப் பந்தயம் வருகிறதே என்று காய்ச்சல் குதிரைக்கு ஊசியைப் போட்டு வண்டியில் பூட்டிக்கொண்டு வருகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. பந்தயத் திடலில் நிற்கிற ஒவ்வொரு குதிரையும் ஒரு குடும்பத்தின் சோறு.

வீட்டில் எல்லாரும் சுகம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, வைகைத் தண்ணீரை நம்பித்தான் நாற்று விட்டிருக்கிறோம். அடுத்த மாதப் பந்தயத்துக்கு நீ மட்டும் வா. குதிரைகள் உன் ஊர் கம்பத்திலேயே இருக்கட்டும். காய்ச்சல் கணக்கை ஒரு நோட்டில் எழுதி எடுத்து வா, இங்கே டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம்.

உன்,
செல்வம்