கொழும்பு மாநகர சபைக்கு: விலங்குகளை விரட்டாதீர்கள், குப்பையை மூடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும்,

விகாரமகாதேவி பூங்காவின் வௌவால்களைப் பற்றி நாற்றம், எச்சம், இரைச்சல் என்று குறைபடுவோர் உண்டு. மரக்கிளைகளைத் தறியுங்கள், வெடி கொளுத்துங்கள் என்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். குட்டியை மார்போடு அணைத்துத் தொங்கும் தாயை வெடிச்சத்தம் கலைத்தால் அந்தக் குட்டி தரையில் விழுந்து சாகக்கூடும். கலைந்த கூட்டமும் நகரைவிட்டுப் போகாது. பக்கத்துத் தெரு மாமரத்தில் போய்த் தங்கும். மரத்தடியில் வாங்கு இருந்தால் அதைத் தள்ளிப் போடுங்கள், போதும்.

உண்மையான தொல்லை நாம் எறியும் சோற்றில் இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயோரம் கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று சோற்றுப் பார்சலை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பருப்பும் மீன்முள்ளும் சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டோடு ஒட்டியிருந்தன. தலையை இருபுறமும் உதறி, ஷீட்டையும் சேர்த்தே விழுங்கியது. பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டம்பரிலேயே தடைசெய்யப்பட்ட பொருள். எலியையும் நண்டையும் செத்த மீனையும் தின்று கால்வாயைத் துப்புரவாக்கும் பிராணி அது. சட்டம் பாதுகாக்கும் பிராணியும்கூட. அதற்கு நாம் இடும் உணவு இதுவா?

காலிமுகத்திடலிலும் இதே கதைதான். இறால் வடைத் தட்டுகள் நிரம்பி வழியும் தொட்டியைக் காகங்கள் கிளறுகின்றன. தீனி பெருகக் காகம் பெருகும். காகம் பெருகினால் சின்னக் குருவிகளின் முட்டையும் குஞ்சும் தப்புவதில்லை. காகத்தைச் சுட்டு இதைத் தீர்க்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை முதலில் தொட்டிகளைப் பற்றியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் கால்வாயோரங்களிலும் காகமும் நாயும் திறக்க முடியாத மூடியுள்ள தொட்டிகளை வையுங்கள். காலையில் மட்டுமன்றி, இருட்டுவதற்கு முன்னரும் அவற்றை வெறுமையாக்குங்கள். உணவுக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே, மிச்சத்தைக் கடைக்காரரே அப்புறப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். பெரிய மரங்களில் கை வைக்கும் முன் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனை இன்னும் நடமாடும் மாநகர் இது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இந்தத் தொட்டிகளுக்கும் மாலை நேரத் தொழிலாளர்களுக்கும் பணம் ஒதுக்குங்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பதை மூன்று மொழிகளிலும் எங்களுக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவர்