மாமா கடைப் பேரேடு

திருவாரூர்
தை மாதம், வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுதது எனக்குக் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று சொன்னாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். எகனோமெட்ரிக்ஸ், பொருளாதாரத்தைப் புள்ளிவிவரக் கணக்கால் சோதிக்கிற அந்தப் பாடம், உள்தேர்வில் 30-க்கு 11. மார்க் கிடக்கட்டும். அதற்கு அப்புறம் நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அம்மா, இது எகனாமிக்ஸே இல்லை. யாரோ கொடுத்த எண்ணை சாஃப்ட்வேரில் போட்டு, எதற்குப் பக்கத்தில் தற்செயலில்லை என்று காட்டும் நட்சத்திரம் விழுகிறது என்று பார்க்கிறோம். இதற்கா நான் டில்லி வந்தேன்?"

அந்த யாரோ நான்தான் பாப்பா.

புள்ளியியல் துறையில் சேர்ந்து 26 வருஷம் ஆகிறது. காலையில் குடையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு அம்மா எங்கே போகிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். "நெல் எடை போட" என்பேன். அதற்கு மேல் உனக்கு விளக்கிச் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு எந்தக் கிராமம், எந்த சர்வே நம்பர் என்பதெல்லாம் முன்னாலேயே குலுக்கல் முறையில் முடிவாகி எங்கள் கைக்கு வந்துவிடும். வயலுக்குப் போய் ஒரு மூலையில் நின்று, ராண்டம் நம்பர் சொல்கிற அத்தனை அடி நீளவாக்கில், அத்தனை அடி அகலவாக்கில் நடக்க வேண்டும். நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதுவோம். அவ்வளவுதான் வேலை. ஆனால் 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. தராசில் நான் 100 கிராம் தப்பாகப் பார்த்தால், காகிதத்தில் ஹெக்டேருக்கு 40 கிலோ தப்பு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் ஒரு தப்பு செய்தேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. எண் காட்டிய இடம் சரியாக ஒரு களர்த் திட்டில் போய் நின்றது. அங்கே பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. வயல்காரர் வயதானவர். "அம்மா, இந்த இடத்தைப் போய் என் வயல்னு எழுதுவீங்களா? அஞ்சு அடி தள்ளிப் பாருங்க, எப்படி வெளஞ்சிருக்கு" என்றார். அவர் முகத்தில் இருந்த வெட்கம் எனக்குத் தாங்கவில்லை. அஞ்சு அடி தள்ளிக் கயிறு கட்டினேன். யாருக்கும் நஷ்டமில்லை, அவருக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் என் மேலதிகாரியிடம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "களர்த் திட்டும் வயல்தானேம்மா. ஊரில் எல்லா ஆய்வாளரும் களரைத் தாண்டிப் போய்க் கயிறு கட்டினால், காகிதத்தில் இந்த மாவட்டத்தில் களரே இருக்காதே" என்றார். நீ இப்போது செலக்‌ஷன் பயஸ் என்று படிக்கிறாயே, அது எனக்கு அந்த அஞ்சு அடியில்தான் புரிந்தது.

இன்னொன்றும் கேள். துண்டு ஏன் 5-க்கு 5? ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே? இதே கேள்விக்காக 1940-களில் நம் நாட்டுப் பெரிய புள்ளியியல்காரர்கள் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். மகலநோபிஸ் சிறிய துண்டுகளைக் கொண்டு ஆய்வு நடத்தினார். சுகாத்மே பல அளவுத் துண்டுகளை வெட்டிப் பார்த்து, துண்டு சிறுக்கச் சிறுக்க மகசூல் கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டினார். காரணம் ஓரம். கயிற்றின் மேல் நிற்கிற பயிரை உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்று வரும்போது, கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துவிடும். 25 சதுர மீட்டர் துண்டுக்கு ஓரம் 20 மீட்டர். ஒரு சதுர மீட்டர் துண்டுக்கு ஓரம் 4 மீட்டர். பரப்போடு ஒப்பிட்டால் சின்னத் துண்டில் ஓரம் ஐந்து மடங்கு. இப்போது சொல், சின்னத் துண்டாகவே பத்தாயிரம் இடத்தில் வெட்டினால் தப்பு சரியாகிவிடுமா? ஆகாது. அதே தப்பான எண் இன்னும் உறுதியாக வரும், ஸ்டாண்டர்டு எரர், அதாவது அந்த எண் எவ்வளவு ஆடும் என்கிற அளவு, சின்னதாகும், பக்கத்தில் உன் நட்சத்திரமும் விழும். மாதிரி பெருகப் பெருக எண் உண்மையை நெருங்குமா என்று உன் தேர்வில் நீ விட்டுவிட்டு வந்த கன்ஸிஸ்டன்ஸி கேள்வி இதுதான் கண்ணு. நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, செய். செய்யும்போது அந்தக் கயிற்றை நினைத்துக்கொள்.

அப்புறம் அந்த எரர் டெர்ம், கணக்கில் நாம் சேர்க்காததெல்லாம் போய் உட்காருகிற u. "அதைப் பற்றி எதுவுமே தெரியாது, ஆனால் அதன் மேல் அஞ்சு நிபந்தனை போடுகிறார்கள்" என்று சலித்துக்கொண்டாய். நம் ஊரிலேயே பார். காவிரித் தண்ணீர் முதலில் எட்டுகிற ஊர்க்காரர் துணிந்து உரம் போடுவார். கடைமடைக்காரர் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமல் பாதி மூட்டையோடு நிறுத்திக்கொள்வார். ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை நெல் என்பதை, எவ்வளவு உரம் என்பதன் மேல் போட்டு ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு மாறும் என்று பார்க்கிற ரிக்ரெஷனை நீ ஓட்டினால், அதில் தண்ணீர் இல்லை என்றால், தண்ணீர் செய்த வேலைக்கும் சேர்த்து உரத்துக்குக் கூலி போய்விடும். தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது? நீ சலித்துக்கொண்ட அந்த u-வுக்குள். அந்த நிபந்தனைகளில் மற்றவை உடைந்தால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம், அதற்கு வழிகள் இருக்கின்றன. உரத்தோடு u-வுக்கு உறவு இருக்கக்கூடாது என்கிற நிபந்தனை உடைந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. அதை மட்டும் விடாதே.

நீ அடுத்த மாதம் தொடப்போகிற பாடத்துக்கு வருகிறேன். நிலக்கோட்டையில் மாமாவின் பூக்கமிஷன் கடையில் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து மொட்டு எண்ணுவாயே, அந்த மல்லிகைதான் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு நாளும் வரத்து எத்தனை கிலோ, விலை என்ன என்று இரண்டையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார். விலை ஏறினால் வாங்குவது குறைய வேண்டும், அதுதான் தேவைக் கோடு. ஆனால் உனக்குக் கோடே கிடைக்காது, எறும்புப் புற்று மாதிரி ஒரு மேகம்தான் கிடைக்கும். முகூர்த்த நாளில் தேவை எகிறி விலை ஏறுகிறது. மழையில் மொட்டு கெட்ட நாளில் வரத்து குறைந்து விலை ஏறுகிறது. ஒரே விலை, இரண்டு வேறு கதைகள். எந்தப் புள்ளி எந்தக் கதை என்று புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில்தான் ஒரு தகப்பனும் மகனும் மாட்டிக்கொண்டார்கள். நான் இந்தக் கடிதத்தைப் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுவதற்கு அவர்களும் ஒரு காரணம். தகப்பன் பிலிப் ரைட், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் பல பாடங்கள் நடத்தியவர், கவிதை எழுதுபவர், வீட்டிலேயே அச்சு இயந்திரம் வைத்திருந்தவர். மகன் சீவல் ரைட் மரபியல்காரர், கினிப்பன்றிகளை வளர்த்து ஆராய்ந்தவர். எண்ணெய் வித்துக்குச் சந்தையில் தேவை எவ்வளவு, அளிப்பு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிப்பது எப்படி என்று 1926-ல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். விளைச்சலை அசைக்கும், ஆனால் வாங்குபவரை நேராகத் தொடாத ஒன்றைப் பிடித்தால், தேவைக் கோடு தானே வெளியே வந்துவிடும் என்பது அதில் பிறந்த யோசனை. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் உன் பாடத்தில் கருவி என்பார்கள். 1928-ல் பிலிப் ரைட் இறக்குமதி வரி பற்றி எழுதிய புத்தகத்தின் பின்னிணைப்பில் அது அச்சானது. பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னால் அதன் மதிப்பு தெரிந்தபோது, அந்தப் பின்னிணைப்பு தகப்பன் எழுதியதா மகன் எழுதியதா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. 2003-ல் ஆய்வாளர்கள் இரண்டு பேர் இருவரின் எழுத்து நடையையும் கணக்குப் போட்டு ஒப்பிட்டு, தகப்பன் எழுதியதுதான் என்றார்கள். யார் எழுதினால் என்ன, யோசனை அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நீயும் பதில் எழுது.

மல்லிகைக்கு வருவோம். தேவைக் கோட்டைக் கண்டுபிடிக்க, வரத்தை மட்டும் அசைக்கிற ஒன்று வேண்டும். மார்கழிப் பனி என்று உடனே சொல்வாய். பனியில் பூ குறையும், உண்மை. ஆனால் மார்கழியில் கல்யாணம் கிடையாது பாப்பா. பனி வரத்தைக் குறைக்கிற அதே மாதத்தில் பஞ்சாங்கம் தேவையைக் குறைக்கிறது. உன் கருவி இரண்டு பக்கமும் கை வைத்துவிட்டது, அது செல்லாது. ஐப்பசியில் திடீரென்று கொட்டுகிற மழை? அது கொஞ்சம் தேவலை, முகூர்த்தத் தேதி மழையைக் கேட்டு வைப்பதில்லை. மழை நாளில் பூ வாங்குகிற பெண்களும் வெளியே வரமாட்டார்களே என்று கேட்பாயா? கேள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவள்தான் எகனோமெட்ரிக்ஸ் படிக்கிறாள். சாஃப்ட்வேருக்கு மார்கழி தெரியாது, நிலக்கோட்டைச் சந்தை தெரியாது.

2021-ல் கார்ட், ஆங்கிரிஸ்ட், இம்பென்ஸ் மூன்று பேருக்கும் பொருளாதார நோபல் கொடுத்தது இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான். கார்டும் க்ரூகரும் 1992-ல் நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனபோது, அங்கே துரித உணவுக் கடைகளில் வேலை குறைந்ததா என்று பக்கத்து பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதை முழுதாகப் படி. கணிதம் குறைவு, யோசனை நிறைய.

நான் வேலைக்கு வந்த புதிதில், 1999-2000 தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுச் சாப்பாட்டுச் செலவை 7 நாளுக்கும் கேட்டார்கள், 30 நாளுக்கும் கேட்டார்கள், ஒரே வீட்டில், ஒரே உட்காரலில். ஒன்றைச் சொன்னவர் அதை வைத்தே மற்றதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார் அல்லவா? அதனால் பழைய ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல், வறுமை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். டேட்டா ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் கேள்வித்தாளைத் திறந்து படி. உன் வகுப்பில் இதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்.

மற்றபடி படிப்புக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். அஞ்சு புள்ளி எடுத்து, கையாலேயே ஒரு ரிக்ரெஷன் போடு, கால்குலேட்டர் போதும். மேட்ரிக்ஸ் வராவிட்டால் வெட்கப்படாமல் முதல் வருஷப் பாடத்துக்குத் திரும்பிப் போ. ரெஸிடியூவல், அதாவது கோட்டிலிருந்து புள்ளி விலகி நிற்கிற தூரம், பெரிதாக வருகிற வரிசையை ஒவ்வொன்றாகப் பார், அங்கேதான் யாரோ ஒருவர் களர்த் திட்டில் நின்றுகொண்டிருப்பார். பாடம் மாற்றுவதைப் பற்றி ஏப்ரலில் பேசலாம், அப்போதும் வேண்டாம் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

பார்சலில் முறுக்கோடு ஒரு நீள நோட்டு இருக்கும். மாமா கடைப் பேரேட்டிலிருந்து இரண்டு வருஷத்து மல்லிகைக் கணக்கைப் பொங்கல் லீவில் உட்கார்ந்து நகல் எடுத்தேன். தேதி, வரத்து, விலை. முகூர்த்த நாளுக்குக் காலண்டரைப் பார்த்துச் சிவப்பு மையில் புள்ளி வைத்திருக்கிறேன். மழை நாளை மாமா ஞாபகத்தில் இருந்து சொன்னார், அந்த வரிசையை அவ்வளவு நம்பாதே, பக்கத்து மழைமானிக் கணக்கை வாங்கிச் சரிபார். விலையை மாமா 50 ரூபாய்க்கு முழுதாக்கி எழுதுகிற பழக்கம் உண்டு. ஆவணி மாதத்தில் ஒன்பது நாள் காலியாக இருக்கும். அப்போது அவருக்குக் காய்ச்சல். சந்தை நடந்தது, பூ வந்தது, விற்றது, கணக்குதான் இல்லை. அந்த ஒன்பது கட்டத்திலும் பூஜ்யம் என்று போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா