அப்பாவோடு பேச வைத்தவர்களுக்கு

வணக்கம்.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் அமெரிக்காவில் நான் படித்த யுனிவர்சிட்டி பார்க் என்ற இந்த ஊரை விட்டு வேறு ஊருக்குக் கிளம்புகிறேன். கிளம்பும் முன் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது, சிலரை நேரில் பார்த்ததே இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவுக்குத் தெற்கே, நகரம் முடிந்து சோள வயல்கள் தொடங்கும் இடத்தில் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில்தான் நாதன் மனிலோ சிற்பப் பூங்கா. சுமார் 100 ஏக்கர் புல்வெளி, அதில் ஏறக்குறைய 30 சிற்பங்கள். டிக்கெட் கிடையாது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை யார் வேண்டுமானாலும் போய் நடக்கலாம், உட்காரலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

படிப்பு முடிந்த அந்தக் கோடையில் எனக்கு அப்படி ஓர் இடம் ரொம்பத் தேவைப்பட்டது. இங்கே படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை பார்க்கக் கிடைக்கிற ஓபிடி அனுமதியில், மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. ஒரு நிறுவனம் ஆஃபர் கொடுத்துவிட்டு, சேரும் தேதிக்கு முன்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஊரில் வீட்டுப் பத்திரம் கல்விக் கடனுக்காக பாங்கில் இருக்கிறது. நான் அறைக்குள்ளேயே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

முதல் நன்றி என்னோடு தங்கியிருந்த கரூர் அக்காவுக்கு. "எழுந்திரு, செருப்பைப் போடு" என்று சொல்லி, ஏன் எதற்கு என்று கேட்காமல் கூட்டிக்கொண்டு போனீர்கள். அன்றைக்கு அந்தப் புல்வெளியில் நாம் பேசியது நாலு வார்த்தைகூட இருக்காது. அதற்கும் சேர்த்தே நன்றி அக்கா.

அடுத்த நன்றி மார்க் டி சுவேரோ என்ற சிற்பிக்கு. புல்வெளியில் அவர் செய்த 'ஃபார் லேடி டே' நிற்கிறது. 'லேடி டே' என்று அழைக்கப்பட்ட ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்குச் செய்த காணிக்கை. கட்டடங்களுக்குப் போடும் பெரிய பெரிய இரும்பு ஐ பீம்களைச் சாய்த்து நிறுத்தி, ரயில் டேங்கரை வெட்டிய துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார். 1960-களின் கடைசியில் அவர் இங்கேயே தங்கிச் செய்த வேலை.

என் அப்பா திருச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கிரில் கேட், ஷெட்டு, மாடிப்படி, எது வந்தாலும் செய்வார். நானும் அவரும் போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்டேன்ப்பா", "சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்". வருஷக்கணக்காக அவ்வளவுதான். கோபதாபம் எதுவும் இல்லை, பேச விஷயம் இல்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சாயங்காலம் சும்மா வீடியோ கால் போட்டு அந்த பீம்களைக் காட்டினேன். இங்கே ஏழு மணி என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. அப்பா டீக்கடையில் இருந்தார்.

"போனைக் கிட்ட கொண்டு போ. ஜாயின்ட்டைக் காட்டு. போல்ட்டா, வெல்டிங்கா?"

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. இதை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள், கிரேன் எங்கே நின்றிருக்கும், காற்றில் ஆடினால் பாரம் எந்தப் பக்கம் இறங்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடமும் போனைக் காட்டினார். டி சுவேரோ 1960-ல் நியூயார்க்கில் ஒரு லிஃப்ட் விபத்தில் முதுகெலும்பு உடைந்து கிடந்தவர், அப்புறம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வெல்டிங் பழகினார் என்று படித்ததைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உட்கார்ந்துக்கிட்டு வெல்டிங் அடிக்கிறது லேசு இல்ல பாப்பா. பொறி எல்லாம் மடியில விழும்" என்றார். எத்தனையோ பேர் அந்தச் சிற்பத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். எனக்கு அப்பா சொன்ன இதுதான் பெரிது.

அதிலிருந்து தினமும் அவருக்கு ஒரு சிற்பம். டோனி டாசெட் செய்த 'பால்' என்ற பிரம்மாண்டமான ஆளைக் காட்டினேன். அமெரிக்கக் கதைகளில் வரும் மரவெட்டி பால் பன்யனை, தோள் தொங்கிப்போய்க் களைத்து நிற்கிறவராக 2006-ல் செய்திருக்கிறார். "நம்ம ஊரு எல்லைச்சாமி மாதிரி இருக்காரு, ஆனா பாவம், ரொம்ப அசந்து போயிட்டாரு" என்று அப்பா சொன்னார். அந்த இடத்தில்தான் நானும் சொன்னேன். வேலை கைவிட்டுப் போனது, நாட்கள் ஓடிக்கொண்டிருப்பது, எல்லாமே. அப்பா அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் பள்ளியில் படித்தபோது ஆர்டர் இல்லாமல் பட்டறை மாசக்கணக்கில் மூடிக் கிடந்ததைச் சொன்னார். "தினமும் காலைல கிளம்பிப் போவேன்ல? பட்டறைக்கு இல்ல. ஆத்தங்கரையில போய் உட்கார்ந்திருப்பேன்." எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவுக்காவது தெரியுமா என்று இன்னும் கேட்கவில்லை.

மார்ட்டின் பூரியர் 1982-ல் அமைத்த 'போடார்க் ஆர்க்' பக்கம் நாயோடு வரும் பெரியவருக்கு நன்றி. முள்கம்பி வருவதற்கு முன்னால் விவசாயிகள் வயலுக்கு வேலியாக நட்ட ஓசேஜ் ஆரஞ்சு மரங்களை ஒட்டி, வில்லாக வளைந்த பாதை அது. அங்கே ஒரு வெண்கல நாற்காலி உண்டு. என்னைப் பார்த்தால் எழுந்து இடம் விடுவீர்கள், நான் வேண்டாம் என்பேன், நீங்கள் கேட்க மாட்டீர்கள். மரத்தில் காய்க்கும் அந்தப் பச்சைக் காயைத் தின்னக் கூடாது என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். வேலை கிடைத்ததைச் சொன்னபோது உங்கள் கண் கலங்கியது. நான் பார்த்தேன்.

புல் வெட்டிப் பாதை போடும் தொழிலாளர்களுக்கு நன்றி. ஜூலையில் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும். நீங்கள் இல்லையென்றால் ஒரு சிற்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே இருக்காது. காற்றுப் பார்த்துப் புல்வெளிக்குத் தீ வைத்து, பக்கத்திலேயே காவல் நிற்கிறவர்களுக்கும் நன்றி. முதல் தடவை கருகிக் கிடந்த நிலத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். களையும் புதர்களும் போய், ஆழ வேர் விட்ட நாட்டுப் புல் மறுபடி தழைக்கத்தான் அது என்று நின்று விளக்கிய தன்னார்வலர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று நீங்கள் என் ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் சொல்லும் வரை விடவில்லை.

லூயிஸ் மனிலோவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். டி சுவேரோ இங்கே தங்கி வேலை செய்ய இடம் கொடுத்தவர் அவர். பூங்காவுக்கு இருக்கும் பெயர் அவருடைய அப்பாவுடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் குடும்பங்களுக்காகப் பக்கத்திலிருக்கும் பார்க் ஃபாரஸ்ட் ஊரைக் கட்டியவர்களில் நாதன் மனிலோவும் ஒருவர். என் அப்பா கட்டிய ஷெட்டுகளில் எதிலும் அவர் பெயர் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், திருச்சியில் பட்டறை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு நன்றி.

ஆகஸ்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு: மெட்ரா எலக்ட்ரிக் ரயிலின் கடைசி ஸ்டேஷன் யுனிவர்சிட்டி பார்க். அங்கிருந்து வளாகத்துக்கு வண்டியில் சீக்கிரம் வந்துவிடலாம். கோடையில் புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள், திரும்பி வந்ததும் கால்களைப் பாருங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து வந்த ஒரு மாணவி