பாக்தாதுக்குப் பிறகும் கதை இருக்கிறது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் மங்கோலியர் கட்டுரை படித்தேன். 1258-ல் மங்கோலியத் தலைவர் ஹுலாகு பாக்தாதைச் சூறையாடியதோடு முடித்துவிட்டீர்கள், அடுத்த ஆண்டே அதே ஆள் ஈரானின் மராகாவில் வானியல் அறிஞர் நசீருத்தீன் தூசிக்கு வானாய்வுக்கூடம் கட்டப் பணம் கொடுத்ததையும் சேர்த்திருக்கலாம். சோதிடம் பார்க்கத்தான் கொடுத்தார், அது வேறு விஷயம்! ஆனால் அங்கே பெரிய நூலகம் இருந்தது, தூசி தொகுத்த கோள் அட்டவணையில் சீன நாட்காட்டிக் கணக்கும் இடம்பெற்றது. பாக்தாதில் செத்தவர்களுக்கு இது ஈடாகாது, சரி.

அப்புறம், மங்கோலியர் ஆண்ட சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய அரசரான கானின் நலன் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அதற்கு, ஒரு தமிழ் நாளிதழில், ஒரு வரிகூடவா இடமில்லை?

- வாசகர், திருச்சி