பதிவேட்டில் இல்லாத கட்டம்

மஞ்சக்குப்பம், கடலூர்
அக்டோபர் 6

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. உன் பெண் கவிதா உண்டாகியிருக்கிறாள் என்பதை முதல் வரியில் எழுதாமல், குழாய் ரிப்பேர், மாப்பிள்ளையின் ஆபீஸ் சண்டை எல்லாம் சொல்லி முடித்து மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே! பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டைக் கடைசி வரைக்கும் பைக்குள் வைத்திருப்பாயே, அதே ஆள்தான் நீ இன்னும். ஐந்தாம் மாதம் என்றால் அசைவு தெரிய ஆரம்பித்திருக்குமே? அவளை நான் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லாரும் நலம். எனக்கு வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. இவர் தினமும் விடிகாலையில் சில்வர் பீச் வரை நடக்கிறார், வருகிற வழியில் டீக்கடையில் போண்டா சாப்பிட்டதை மட்டும் சொல்வதில்லை. சட்டைப் பையில் எண்ணெய்க் கறை சொல்லிவிடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தீபாவளி முடிந்தால் டெல்லியில் மூச்சு விட முடியாது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது, கடலூரில் அண்ணன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூட்டிக்கொண்டு வா. அவளைப் பார்க்கிற டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னால் போதும். உன் சம்பந்தி அம்மா, "நாங்கள் எல்லாம் இங்கேயே மூன்று பெற்றோம், என்ன ஆகிவிட்டது" என்று சொன்னார்களாமே. அவர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராகக் குழந்தைகளை எடை போட்டவள் நான். கைப்பிடியில் தொங்கும் தராசு, கீழே துணித் தூளி, அதில் குழந்தையைப் போட்டால் முள் நடுங்கி நடுங்கி ஒரு இடத்தில் நிற்கும். என் கண் முதலில் தேடுவது இரண்டரைக் கிலோ கோட்டைத்தான். அதற்குக் கீழே நின்றால் எடை குறைந்த குழந்தை. உடனே தாயைப் பார்த்து ஒரு கேள்வி: "ஒழுங்கா சாப்பிட்டியா?"

தானே புயலுக்கு அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது உனக்குத் தெரியும். அப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த ஊர்களில் வீட்டு வாசல் எல்லாம் முந்திரி விறகுக் குவியல்தான். காய்ந்தும் காயாததுமான விறகு. ஒரு வீட்டுக்குப் பேறுகாலத்துக்குப் பிறகான விசிட்டுக்குப் போனேன். பெண் குழந்தை, 2 கிலோ 300. தாய்க்கு இருபது வயது இருக்கும். நான் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தேன். முட்டை சாப்பிட்டாயா, கீரை சாப்பிட்டாயா, மாத்திரையை வாங்கி மண்ணில் புதைத்தாயா. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பிடத்தாம்மா செஞ்சேன். ஆறு பேருக்கு ரெண்டு வேளை சமைக்கணும். அடுப்பாண்ட போனாலே மூச்சு அடைக்குது" என்றாள். அடுப்படியை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. கூரை ஓலையில் கரி சடை சடையாகத் தொங்கியது. ஊதுகுழலின் வாய்ப்பக்கம் அவள் உதடு பட்டுப் பட்டு வழுவழுவென்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே வந்து பதிவேட்டில் "சத்துக்குறைவு" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவள் சொன்னதை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை. ரத்த அளவுக்கு இருந்தது, உயரத்துக்கு, எடைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தடுப்பூசிக்கு எல்லாம் இருந்தது. புகைக்கு இல்லை. கட்டம் இல்லாததால் நானும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன், படிக்கப் படிக்க அந்த ஊதுகுழல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

விஷயம் இதுதான். புகையிலும் தூசியிலும் இருக்கிற மிகச் சிறிய துகள்களை பி.எம். 2.5 என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்குமயிர் பிடிக்காது, சளியும் பிடிக்காது. நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போய்விடும். நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்ன மாதிரி ஞாபகம். 2019-இல் பெல்ஜியத்தில் ஆய்வு செய்தவர்கள், நஞ்சுக்கொடியில் குழந்தை இருக்கிற பக்கத்திலேயே கரித்துகளைப் பார்த்துவிட்டார்கள். துகள்கள் போகிற இடத்தில் அழற்சி உண்டாகும், நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்த ஓட்டம் குறையும். விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு வேறு. அது ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். வயிற்றுக் குழந்தையின் ரத்தம் அதைத் தாயின் ரத்தத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சோறு வேளாவேளைக்கு உள்ளே போனாலும் பிள்ளைக்குப் போய்ச் சேருவதில் தட்டுப்பாடு வந்துவிடுகிறது.

எவ்வளவு எடை குறையும் என்று கேட்பாய். இங்கேதான் எனக்கே குழப்பம் வந்தது. நம் தமிழ்நாட்டிலேயே ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், கிராமமும் நகரமுமாக 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறதாம். 4 கிராம்! ஒரு டீஸ்பூன் சர்க்கரை. இதற்கா இத்தனை பாடு என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ஜன்னல் இல்லாத அடுப்படியில் 10 எங்கே, நூற்றுக்கணக்கில் ஏறும். அதோடு இது சராசரி. 2 கிலோ 510 இருக்க வேண்டிய குழந்தைக்கு அந்தச் சின்னக் குறைவே கோட்டைத் தாண்டக் காரணமாகிவிடும். மூன்று கிலோ குழந்தைக்கு ஒன்றும் தெரியாது.

விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் கொடுத்தால் சரியாகிவிடுமா? அதையும் பார்த்துவிட்டார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நாலு நாட்டில், ஏறக்குறைய 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நம் பக்கத்து விழுப்புரமும், நாகப்பட்டினமும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அதில் களப்பணிக்குப் போனாள். கர்ப்பிணிக்கு ஒரு மேலங்கி மாட்டி, அதில் காற்று அளக்கும் கருவியை வைத்து இருபத்து நாலு மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். ஒரு மாமியார் அதை வெடிகுண்டு என்று நினைத்துத் திண்ணைக்கு வெளியே வைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாதிப் பேருக்கு இலவசமாக அடுப்பும் சிலிண்டரும். அதே மைக்ரோகிராம் கணக்கில், விறகு வீட்டுப் பெண்கள் சுவாசித்த துகள் 70-ஐ ஒட்டி இருந்தது, கேஸ் வீட்டுப் பெண்களுக்கு 24-ஐ ஒட்டித்தான். நல்ல இறக்கம்தானே? 2022-இல் முடிவு வந்தது. கேஸ் வீட்டுக் குழந்தைகள் சராசரி 2921 கிராம், விறகு வீட்டுக் குழந்தைகள் 2898. வித்தியாசம் இருபது கிராம் சொச்சம். தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லிவிடக்கூடிய அளவு.

படித்தபோது மனசு சோர்ந்துபோனது உண்மை. ஆனால் என் அனுபவத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன். கேஸ் அவர்கள் கைக்கு வரும்போது கர்ப்பம் மூன்று, நாலு மாதம் ஆகிவிட்டது. இறங்கி நின்ற 24-ம் சுத்தக் காற்று ஆகாது, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு வரம்பு 5-தான். பக்கத்து வீட்டு விறகு, ரோட்டு லாரி, குப்பை எரிப்பது எல்லாம் அப்படியே இருந்தால் ஒரு வீட்டு அடுப்பை மட்டும் மாற்றி எவ்வளவு கிடைக்கும்? அதனால் கேஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இருபது வயதுப் பெண்ணின் கண்ணெரிச்சலுக்காகவே கொடுக்கலாம்.

உன் சம்பந்தி அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது பெய்ஜிங் கதைதான். 2008 ஒலிம்பிக்குக்காக அங்கே தொழிற்சாலைகளை மூடி, கார்களை ஒன்று விட்டு ஒரு நாள்தான் ஓடலாம் என்று வைத்தார்கள். அந்தச் சமயத்தில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள், முந்தின வருஷமும் அடுத்த வருஷமும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல். கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை வேகமாக எடை போடும். கவிதாவுக்கு அந்த மாதங்கள் விழுவது கார்த்திகை, மார்கழி, தை. டெல்லியில் காற்று மிக மோசமாக இருப்பதும் அதே காலம். வருஷ சராசரியே அங்கே நூறை ஒட்டி நிற்கிறது, நம் நாட்டு வரம்பு 40. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதை எதற்கு வைத்தார்களோ, உன் பெண்ணுக்குச் சரியான நேரத்தில் வந்து உதவுகிறது.

அதற்காக நம் ஊர்க் காற்று பன்னீர் என்று நினைத்துக்கொள்ளாதே. 2004-இல் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களே வாளியில் காற்றுப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ அப்போது டெல்லியில் இருந்தாய். உன் அண்ணன் வீடு தேவனாம்பட்டினம் ரோட்டில், கடலுக்குப் பக்கம் இருப்பது நல்லதாகப் போயிற்று. மத்தியானம் ஆனால் கடல் காற்று வந்துவிடும், மழைக்காலம் வேறு. மழை என்றதும் புயலும் சொல்லிவிடுகிறேன். போன 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது நம் ஊரிலும் தண்ணீர் புகுந்தது. அதனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம்.

வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் உன் அண்ணிதான் எனக்குக் கவலை. அவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு அறைக்கு ஒன்றாகக் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிற ஆள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலை வாங்கிக் கட்டச் சொல், நானே தைத்தும் தருகிறேன். பிள்ளை பிறந்த பிறகு சாம்பிராணிப் புகை என்று கிளம்புவார்கள். தாய்க்குத் தலை காய வெயிலும் காற்றும் போதும், பச்சைக் குழந்தையைப் புகை மேல் காட்ட வேண்டாம். இதை நான் சொன்னால் "நர்சம்மா வந்துட்டாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாத்தனார் நீ சொல்லு. போகி அன்றைக்கு மட்டும் விடியற்காலையில் கவிதா என் வீட்டு மாடி அறையில் இருக்கட்டும். உங்கள் தெருப் பையன்கள் டயர் எரிப்பார்கள்.

கவிதாவிடம் இந்தக் கிராம் கணக்கையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாதே. ரத்தசோகை, ரத்த அழுத்தம், இவைதான் அவள் இப்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடச் சொல். நவம்பரில் வெளியே போனால் என்-95 மாஸ்க், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்துவிட்டால் வளைகாப்பு வைக்க மாட்டார்கள், கார்த்திகைக்குள் நாள் பார்த்துவிடு. டெல்லியில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று விடாமல் எடுத்து வா. சென்னையில் இறங்கிக் காரில் வருகிறீர்களா, விழுப்புரம் வரை ரயிலா என்று எழுது. ரயில் என்றால் இவர் வண்டியோடு வந்து நிற்பார். வழியில் போண்டா வாங்கித் தராதே.

அன்புடன்,
மல்லிகா