குடிநோயாளிகளின் குடும்பத்தினர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வாராவாரம் வந்து உட்காரும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் முதலில் வருகைக் கணக்கு சொல்ல வேண்டும். அதிலேயே எனக்குச் சிக்கல். பெயர் வேண்டாம், உறவை எழுதினால் போதும் என்று நாம்தான் முடிவு செய்தோம். இப்போது பதிவேடு முழுக்க 'அம்மா', 'மனைவி', 'அண்ணன்'. ஒரே நாளில் நான்கு அம்மா. எந்த அம்மா விடாமல் வந்தார், எவர் பாதியில் நின்றார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆள் இல்லாமல் ஒரு கூட்டமும் கலையவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு அதிகம் பேசியது குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பற்றி. கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதாக ஒரு சகோதரி சர்வசாதாரணமாகச் சொன்னார். இன்னும் இருவர் தலையசைத்தார்கள். அடுத்த வாரமே மனநல மருத்துவர் ஒருவரை வரவழைத்தோம். டைசல்ஃபிராம் உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து விழுங்குகிறவர் குடிக்கப் பயப்படுவார், அந்தப் பயம்தான் மருந்து. தெரியாதவருக்கு ஏது பயம்? கூட்டம் முடிந்ததும் அந்தச் சகோதரி பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது.

அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த நினைப்பவர்களையும் மருத்துவர் எச்சரித்தார். பல காலம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதை ஒட்டி ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம், சுவரில் ஒட்டிய வாசகத்தால் வந்த சண்டை. 'நாம் காரணமில்லை, நம்மால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது.' குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் சொல்வது. "அப்போ நான் வேடிக்கை பார்க்கணுமா?" என்றார் ஒரு தந்தை. நியாயமான கேள்வி. அதன் பிறகுதான், குடிப்பவரைச் சிகிச்சைக்கு வரவைக்கக் குடும்பத்தினருக்குச் சொல்லித்தரும் கிராஃப்ட் (CRAFT) என்ற பயிற்சி முறையைப் படித்தோம். குடிக்காத மாலையில் கூட உட்கார்ந்து பேசுவது, குடித்து வந்தால் கத்தாமல் விலகிக்கொள்வது, அவருக்காக வேலையிடத்தில் பொய் சொல்லாமல் இருப்பது, தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுப்பது. சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் நெருங்கியவர்கள் 130 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. இந்த வழியில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சூழ்ந்து உட்கார்ந்து நெருக்கிய வழியில் 30 சதவீதம்தான். வீட்டில் அடி விழுகிறதென்றால் கதையே வேறு. அங்கே முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. வாசகம் சுவரிலேயே இருக்கிறது. தந்தையும் வருகிறார், அதைப் பார்க்காத மாதிரி முதுகு காட்டி உட்காருகிறார்.

ஒரு தவறு என்னுடையது. கணவர் மூன்று மாதம் குடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னபோது நான்தான் கைதட்டத் தொடங்கினேன். மறுவாரம் அவர் வரவில்லை. கணவர் மறுபடி குடித்துவிட்டார் என்று காதில் விழுந்தும், தொந்தரவு செய்யக் கூடாதென்று ஐந்து வாரம் போன் செய்யாமல் இருந்தேன். செய்தபோது, "அவ்வளவு பேர் கைதட்டினீங்களே, எந்த முகத்தோட வர்றது?" என்றார். மறுபடி குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான் என்று கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருப்பேன்! இப்போது கைதட்டலை விட்டுவிட்டோம். இரண்டு வாரம் வராதவருக்குப் போன் செய்வது என் பொறுப்பு. அவர் திரும்பி வந்துவிட்டார், கதவோரம் உட்காருகிறார்.

பதிவேட்டில் 'அம்மா 1', 'அம்மா 2' என்று எண் போடலாமா என்ற என் யோசனையை அம்மாக்கள் ஒருமனதாக நிராகரித்தார்கள். சரி, அடுத்த ஆண்டும் கணக்கு இப்படித்தான் வரும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்