உதகையில் ஓவியர்களுக்குப் பொதுப் பணிக்கூடமும் கண்காட்சிக் கூடமும் வேண்டி மனு

அனுப்புநர்:
நீலகிரி மாவட்ட ஓவியர்கள், ஓவிய ஆசிரியர்கள், கைவினைக் கலைஞர்கள்
(கையொப்பமிட்டோர் பட்டியல் இணைப்பில்),
உதகமண்டலம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றை ஓவியர்களின் பணிக்கூடமாகவும் பயிற்சி, கண்காட்சி இடமாகவும் ஒதுக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். மே மாதம் கோடை விழா தொடங்கிவிட்டால் நம் மாவட்டம் முழுக்கக் கண்காட்சிதான். தாவரவியல் பூங்காவில் மலர், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, கூடலூரில் வாசனைப் பொருட்கள். அந்த நாட்களில் எங்கள் படங்களுக்கும் ஏதாவது ஓர் ஓரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. அதற்கு நன்றி உண்டு. பந்தலைப் பிரித்த பிறகு அடுத்த மே வரை, நான்கு படங்களை மாட்டி ஊராரை அழைத்துக் காட்ட எங்களுக்குக் கட்டுப்படியாகும் பொதுக்கூடம் எதுவும் இல்லை. உட்கார்ந்து வரையவும் இடமில்லை.

இதை ஓர் அலுவலகத்தில் எடுத்துச் சொன்னபோது, "ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்களேன்" என்றார்கள். வைத்தும் பார்த்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முகூர்த்த நாளில் கூடம் கிடையாது. மேடைக்குப் போட்ட மஞ்சள் விளக்கில் நீலம் பச்சையாகத் தெரிகிறது. நாற்காலிகள் மேல் படங்களைச் சாய்த்து வைத்துக் காட்டுவதைக் கண்காட்சி என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

கண்காட்சியைவிட அவசரமானது பணிக்கூடம். மலையில் ஓவியனுக்கு முதல் எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை பிடித்து, வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத நாட்களில் வரைதாள் அப்பளம்போல் நமத்துப்போகும். நீர்வண்ணத்தில் முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். எண்ணெய் வண்ணம் இன்னும் மோசம். அது தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுக வேண்டும், குளிரில் அந்த இறுகல் மந்தமாகிறது. கீழே கோவையில் சில நாளில் கையில் ஒட்டாமல் போகும் பூச்சு, இங்கே வாரங்கள் கழித்தும் பிசுபிசுக்கும். முடித்த படத்தைச் சுவரோரம் சாத்தி வைத்தால் கான்வாஸின் பின்பக்கம் முதலில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். முன்பக்கம் தெரிவதற்குள் துணி கெட்டிருக்கும். எங்களில் பலர் எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஒற்றை அறை வாடகை வீடுகளிலும் இருப்பவர்கள். குளிருக்காகச் சன்னலைச் சாத்திவிட்டு, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில், வண்ணம் கரைக்கும் நெடி மிகுந்த டர்பன்டைன் பாட்டிலைத் திறக்க முடியுமா?

இந்த மலைக்கே உரிய கலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறும்பர் பழங்குடியினரின் ஓவியம் கோத்தகிரிப் பக்கத்துக் காடுகளில் பிறந்தது. அங்கே வெள்ளரிக்கொம்பைப் பாறைகளில் பழைய ஓவியங்களே இருக்கின்றன. செம்மண், வெள்ளை மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரத்துப் பிசின் என்று வண்ணம் எல்லாமே காட்டிலிருந்து வருவது. பிசினை வடித்து, குழைத்து, பதம் பார்த்துத்தான் தாளில் வைப்பார்கள். பாறையில் தேன் எடுக்கும் காட்சியில் வரும் அந்தப் பழுப்பு நிறம் இப்படி வருவதுதான். இந்தப் பக்குவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் முன்வரைவு எதுவும் இல்லாமல், இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூத்துக்குளி என்ற தங்கள் போர்வையில் தைத்துவிடுகிறார்கள் தோடர் பெண்கள். விழா நாட்களில் இவர்களை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆசிரியராக அழைத்து, மாதச் சம்பளமோ வகுப்புக்கு இவ்வளவு என்று மதிப்பூதியமோ கொடுத்துக் கற்றுத்தரச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். முத்தோரை பாலடா பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் இதில் இணைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் நிலையும் இதே. தமிழ்நாட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி என்றால் சென்னையும் கும்பகோணமும்தான். அங்கே சேர வரைந்து காட்ட வேண்டும். ஓவிய வகுப்பையே பார்க்காத கூடலூர்ப் பிள்ளை, வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்த சென்னைப் பிள்ளையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

"ஓவியர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடாதா, சோழமண்டலம் ஓவியர் கிராமம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் எனும் மெழுகுச் சாயத் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் சென்னைக்கு வெளியே கடற்கரையில் அதற்கு நிலம் வாங்கினார்கள். நீலகிரியில் இன்று நிலத்தின் விலை வேறு, மலைப்பகுதிக் கட்டட விதிகள் வேறு. அந்த விதிகள் இருக்கத்தான் வேண்டும். நிலச்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கச் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து கூரை ஒழுகும் பழைய அரசுக் கட்டடம் அல்லது குடியிருப்பு ஒன்று போதும்.

எனவே, உதகை பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் அப்படியொரு கட்டடத்தைக் கண்டறிந்து, பொதுப்பணித் துறை மூலம் கூரையையும் மின்கம்பிகளையும் பழுதுபார்த்துத் தருமாறு வேண்டுகிறோம். வடக்குப் பார்த்த சன்னல் உள்ள கூடமாக இருந்தால் நல்லது. நாள் முழுக்க வெளிச்சம் பெரிதாக மாறாது. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று, படங்களை நிறுத்தி வைக்கப் பூட்டுள்ள மரத் தட்டுகள், காட்சிச் சுவரில் தொங்கவிடக் கம்பி, இவை முதல் தேவை. வார இறுதி வகுப்புகளுக்கும் ஆசிரியர் மதிப்பூதியத்துக்கும் கலை பண்பாட்டுத் துறையின் கோவை மண்டல மையத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகள் கடைசிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டியவர்கள். அவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பாவது கூடலூரிலேயே நடக்க வேண்டும். மே மாதக் கூட்டத்தில் படம் பார்க்க யாருக்கும் நேரமில்லை என்பதால், ஆண்டுக் கண்காட்சியை இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபரில் வைக்கலாம்.

கோட்டாட்சியர் தலைமையில் குழு அமைத்தால் அன்றாடப் பராமரிப்பை நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம். மின்கட்டணத்துக்குப் பயன்பாட்டுக் கட்டணமும் செலுத்துவோம். இந்தக் குழுவில் குறும்பர், தோடர் கலைஞர்களுக்கு இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த பழைய கட்டடங்கள் சிலவற்றின் பட்டியலை இணைத்துள்ளோம். சம்பந்தப்பட்ட துறையினரோடு கள ஆய்வுக்கு ஒரு நாள் குறித்துத் தந்தால் சாவிக்காரரோடு நாங்களும் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள ஓவியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள்

இடம்: உதகமண்டலம்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், கட்டடங்களின் பட்டியல்